கையால் வரைந்து அசைய வைக்கலாம்: பிரேம் பை பிரேம் அனிமேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்) விடுமுறை நாட்களில் அனிமேஷன் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் மேலிருந்து கீழே வரிசையாகப் படிக்கலாம். கொஞ்சம் பழகியவர்கள் சாப்ட்வேர் பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

பிரேம் பை பிரேம் என்றால் என்ன?

ஒவ்வொரு நிலையையும் தனித்தனிப் படமாக வரைந்து, அவற்றை வேகமாக அடுத்தடுத்துக் காட்டுவது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வித்தியாசம் சிறியதாக இருந்தால், நம் மூளை இரண்டையும் சேர்த்து அசைவாக எடுத்துக்கொள்கிறது. புத்தக ஓரத்தில் வரைந்து விரலால் சரசரவென்று விடுகிற ஃபிளிப் புக்கும் இதுதான். அதற்கு இங்கிலாந்தில் 1868-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள், சினிமாவே அதற்கு அப்புறம்தான் வந்தது.

எனக்கு ஓவியம் அவ்வளவாக வராது. கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். வட்டமும் கோடும் போட வந்தால் ஆரம்பிக்கப் போதும். அழகாக வரைவது ஒரு திறமை, அசைவைக் கணிப்பது வேறொரு திறமை. ஓவியப் போட்டியில் பரிசு வாங்குகிற பிள்ளை வரைந்த யானை பொம்மை மாதிரி விறைத்து நிற்பதையும், குச்சி மனிதனைத் தவிர எதுவும் வராத பிள்ளையின் குச்சி மனிதன் உயிரோடு குதிப்பதையும் வகுப்பில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதலில் அசைவைப் பிடியுங்கள், ஓவியம் கூடவே வளரும்.

நேராகக் கம்ப்யூட்டரிலேயே ஆரம்பிக்கக் கூடாதா?

ஆரம்பிக்கலாம், தவறில்லை. ஆனால் முதல் சில வாரங்களாவது தாளில் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் இருக்கிறது. அனிமேஷனில் கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய விஷயம், இரண்டு படங்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது. இடைவெளி குறைந்தால் பொருள் மெதுவாகப் போகும், கூடினால் வேகமாகப் போகும். மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் எடுக்கும். தாளில் இந்த இடைவெளியை ஸ்கேல் வைத்து அளக்கிறீர்கள், அது கையில் பதிகிறது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்த பிள்ளைக்கு முதல் நாள் பிரஷ் தேடுவதிலும் கலர் மாற்றுவதிலும் போய்விடும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

பெரிதாக எதுவும் வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஏ4 தாள் ஒரு கட்டு, ஹெச்பி பென்சில், நல்ல ரப்பர், ஸ்கேல், இரண்டு துளை போடும் பஞ்சிங் மெஷின். தாள் 70 அல்லது 75 ஜிஎஸ்எம் இருந்தால் நல்லது. அதைவிடத் தடித்தால் அடியில் உள்ள படம் தெரியாது.

தாள்கள் நகராமல் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். ஸ்டுடியோக்களில் இதற்குப் பெக் பார் என்ற பட்டை இருக்கும். நாம் ஒரு மரப்பலகையில், பஞ்சிங் துளைக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டு சின்ன போல்ட்டை முறுக்கி நிறுத்தினால் போதும். ஒன்று மட்டும் கவனம்: எந்தப் பஞ்சில் ஆரம்பித்தீர்களோ அதே பஞ்சில்தான் கடைசித் தாள் வரை துளை போட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி துளைகளின் தூரம் கொஞ்சம் மாறும், அந்தக் கொஞ்சமே திரையில் படத்தை நடுங்க வைக்கும்.

அடியில் வெளிச்சம் வேண்டும். யூஎஸ்பியில் ஓடும் எல்இடி டிரேசிங் பேட் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால், இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, நடுவில் ஒரு கண்ணாடியை வைத்து, கீழே எல்இடி பல்பு போடுங்கள். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள், கையைக் கிழிக்கும்.

முதல் பயிற்சி என்ன?

ரப்பர் பந்து. உலகம் முழுக்க அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் நிறையப் பேர் அளவு சொல்லாமல் 'குதிக்கிற மாதிரி வரை' என்று விட்டுவிடுகிறார்கள். நான் அளவோடு சொல்கிறேன்.

கீழே விழும் பொருள் சம நேரத்தில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாகக் கூடும். கலிலியோ கண்டுபிடித்த கணக்கு. சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நெஞ்சுயரத்திலிருந்து, பந்து தரையைத் தொட அரை விநாடி ஆகும். விநாடிக்கு 12 படம் என்று வைத்தால் அது ஆறு இடைவெளி.

தாளை நெடுவாக்கில் வையுங்கள். கீழே தரைக்கோடு போடுங்கள். ஒரு ரூபாய்க் காசை வைத்து வட்டம் போட்டால் அதுதான் பந்து. முதல் படத்தில் பந்து தரையிலிருந்து 18 சென்டிமீட்டர் மேலே. அடுத்தடுத்த படங்களில் அது இறங்கும் தூரம் 0.5, 1.5, 2.5, 3.5, 4.5, 5.5 சென்டிமீட்டர். கூட்டிப் பாருங்கள், 18 வரும். பந்து தரையில்.

எழும்பும்போது அதே கணக்கு தலைகீழாக. ஆனால் பழைய உயரம் வராது. நான்கு படங்களில் 3.5, 2.5, 1.5, 0.5 என்று எழும்பினால் 8 சென்டிமீட்டர். நான்கு படங்களில் திரும்ப இறங்கும். அடுத்த தடவை மூன்று படத்தில் 4.5 சென்டிமீட்டர், அதற்கடுத்து இரண்டு படத்தில் 2 சென்டிமீட்டர். எண்ணினால் மொத்தம் 25 படம், இரண்டு விநாடி ஓடும். பந்து முன்னால் நகர்ந்துகொண்டே குதிக்க வேண்டுமானால் ஒவ்வொரு படத்திலும் பக்கவாட்டில் அரை சென்டிமீட்டர் தள்ளுங்கள். தரையைத் தொடும் படத்தில் மட்டும் பந்தைக் கொஞ்சம் தட்டையாக்குங்கள். உயரம் குறைந்தால் அகலம் கூட வேண்டும், இல்லையென்றால் பந்து சின்னதாகிவிட்டது போல் தெரியும்.

இது ஓடியதும் பந்துக்குப் பதில் பனங்காய் போடுங்கள். நம் ஊரில் பனைக்குப் பஞ்சமில்லை, விழும் காயைப் பார்க்காத பிள்ளை கிடையாது. விழுகிற ஆறு படத்தில் எந்த மாற்றமும் வேண்டாம், கனமான காயும் அதே வேகத்தில்தான் விழும். தரையைத் தொட்ட பிறகுதான் கதை மாறும். பனங்காய் ஒரு படத்தில் துளி எழும்பி, உடனே உட்கார்ந்து, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்கும். கனத்தைக் காட்டுவது விழுந்த பின் நடப்பதுதான் என்று இந்த ஒரு பயிற்சியில் புரிந்துவிடும்.

பந்து முடிந்தது, அடுத்து?

நுங்கு வண்டி. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம், ஆனால் உருளும் பொருளைப் புரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

நுங்கு எடுத்த கூந்தலை, அதாவது காயின் வெறும் கூட்டை, சக்கரமாக வரையுங்கள், குறுக்களவு 3.8 சென்டிமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் வரும். அதாவது சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி 12 சென்டிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். பன்னிரண்டு படம் போடுங்கள். ஒவ்வொரு படத்திலும் வண்டி 1 சென்டிமீட்டர் முன்னால் போகும், சக்கரம் 30 பாகை திரும்பும். கடிகாரத்தில் ஒரு மணியிலிருந்து அடுத்த மணி வரை உள்ள அளவுதான் அந்த 30 பாகை. கூந்தலில் மூன்று கண் இருப்பதால் ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்பு அடித்துக்கொண்டால் சுற்று தெளிவாகத் தெரியும்.

இப்போது வேண்டுமென்றே கணக்கைக் கெடுத்துப் பாருங்கள். வண்டியை 2 சென்டிமீட்டர் நகர்த்தி, சக்கரத்தை 30 பாகையே திருப்புங்கள். சேற்றில் வழுக்குகிற மாதிரி ஓடும். மழைக்காலக் காட்சி வரைய நேர்ந்தால் இது அப்படியே உதவும்.

விநாடிக்கு 24 படம் என்கிறார்கள், 12 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. சினிமா விநாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. ஆனால் ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 படமே போதும். இதை 'ஆன் டூஸ்' என்பார்கள், கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பகுதி இப்படித்தான். மூன்று பிரேமுக்கு ஒரு படம் வைத்தால் எட்டுப் படம். ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேஷனில் இது சகஜம். மிக வேகமான அசைவுக்கு மட்டும் பிரேமுக்கு ஒரு படம் தேவைப்படும். நீங்கள் 12-ல் ஆரம்பியுங்கள்.

கீ, பிரேக்டவுன், இன்பிட்வீன் என்றெல்லாம் சொல்கிறார்களே?

ஒரு பையன் குனிந்து பந்தை எடுக்கிறான் என்று வையுங்கள். நிற்பது ஒரு கீ, பந்தைத் தொடுவது இன்னொரு கீ. கதையைச் சொல்லும் படங்கள் அவை. இரண்டுக்கும் நடுவில் எந்த வழியாகப் போகிறான், முதலில் தலை குனிகிறதா, முழங்கால் மடங்குகிறதா என்பதைச் சொல்லும் படம் பிரேக்டவுன். மீதி இடத்தை நிரப்புவது இன்பிட்வீன். கீ படத்தின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைப்பது வழக்கம். எண் போடாமல் மட்டும் எந்தத் தாளையும் கீழே வைக்காதீர்கள்.

கை, கால், தலை எல்லாம் வளைகோட்டில்தான் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். தலை இடமிருந்து வலம் திரும்பினால் நடுவில் கொஞ்சம் தாழ்ந்து எழும். நேர்கோட்டில் திருப்பினால் இயந்திரம் மாதிரி இருக்கும்.

வரைந்த தாள்களைப் போனில் எடுக்கலாமா, ஸ்கேனர் வேண்டுமா?

பயிற்சிக்குப் போன் போதும். ஸ்டாண்டில் நேராகக் கீழ்நோக்கி மாட்டுங்கள். ஸ்டாப் மோஷன் செயலி ஏதாவது ஒன்றை இறக்கி, போகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வந்து வீடியோ மினுக்கும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள், ஒரு மேகம் கடந்தாலே நிறம் மாறிவிடும். திரையை இழுத்துவிட்டு விளக்கில் எடுங்கள். பழைய டியூப் லைட்டில் பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது அடங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலையும் சாத்துங்கள், தாள் ஓரம் படபடத்தால் அதுவும் படத்தில் ஓடும்.

படத்தைப் போட்டிக்கோ விழாவுக்கோ அனுப்புவதாக இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். ஏ4 தாளைக் கிடைவாக்கில் 200 டிபிஐ-ல் எடுத்தாலே அகலம் 2,300 பிக்சலைத் தாண்டும், ஃபுல் ஹெச்டிக்கு அது தாராளம்.

எந்த சாப்ட்வேரில் ஆரம்பிக்கலாம்?

காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் சாப்ட்வேராக பென்சில்2டி-யைச் சொல்வேன். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய லேப்டாப்பும் தாங்கும். பட்டன்கள் குறைவு என்பதே அதன் பெரிய பலம். தாளில் செய்த பந்தை அதில் இன்னொரு தடவை வரைந்து பாருங்கள், ஒரே மாலையில் பழகிவிடும்.

அதற்கு அடுத்து கிரிட்டா. அடிப்படையில் அது ஓவிய சாப்ட்வேர், 2016-ல் அனிமேஷன் வசதி சேர்ந்தது. பிரஷ்கள் அருமை, ஆனால் நினைவகம் நிறையத் தின்னும், 8 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. ஸ்கேன் செய்த தாள்களைக் கோடு பிரித்து வண்ணமடிக்க ஓப்பன்டூன்ஸ் நல்லது. ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸ் சாப்ட்வேரைத்தான் 2016-ல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். முதல் தடவை திறந்தால் மிரட்டும், பொறுமை வேண்டும். பிளெண்டரில் கிரீஸ் பென்சில் என்ற பகுதி உண்டு, 3டி இடத்துக்குள் 2டி கோடு வரையலாம். அது பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

போன் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு ஃபிளிப்பாகிளிப். இலவசப் பதிப்பில் வாட்டர்மார்க் விழும், பயிற்சிக்கு அது ஒரு குறையே இல்லை. ஸ்டுடியோக்களில் டூன் பூம் ஹார்மனி, அடோபி அனிமேட் எல்லாம் ஓடும். வேலைக்குப் போகும் கட்டத்தில் கற்றுக்கொண்டால் போதும்.

ஆனியன் ஸ்கின்னை எப்படி வைக்க வேண்டும்?

டிரேசிங் விளக்கு செய்த வேலையைத்தான் அது செய்கிறது, முன்படத்தையும் பின்படத்தையும் மங்கலாகக் காட்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போதும். ஐந்தாறு படத்தைத் திறந்து வைத்தால் எந்தக் கோடு எதனுடையது என்றே தெரியாது. இடையிடையே அதை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

டேப்லெட் பேனா கட்டாயமா?

கட்டாயமில்லை, ஆனால் மவுஸில் கையோட்டம் வராது. திரை இல்லாத சின்ன பேனா டேப்லெட் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அதை வாங்கும் வரை தாளில் வரைந்து ஸ்கேன் செய்யுங்கள். திரை உள்ள டேப்லெட்டுக்காகக் கடன் வாங்க வேண்டாம்.

நடையை எப்படி வரைவது?

நான்கு நிலைகள். ஒன்று, முன்கால் குதிகால் தரையைத் தொடுகிறது, இரண்டு கால்களும் அகன்றிருக்கும். இரண்டு, உடல் எடை முன்கால் மேல் இறங்கி முழங்கால் மடிகிறது, தலை இங்கேதான் மிகத் தாழ்வு. மூன்று, பின்கால் தரைக்காலைக் கடக்கிறது. நான்கு, உந்தி எழுகிறது, தலை இங்கே மிக உயரம். அப்புறம் மறுகாலுக்கு இதே நான்கு. சாதாரண நடையில் ஓர் எட்டு (ஒரு காலடி) எடுத்து வைக்க 12 பிரேம், விநாடிக்கு இரண்டு எட்டு. கை எப்போதும் எதிர்க்காலோடு போகும்.

இது எலும்புக்கூடு. ஆளுக்கு ஆள் நடை மாறுவதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். விடிகாலையில் பால் சொசைட்டி வாசலில் நில்லுங்கள். நிறைந்த கேனை வலக்கையில் தூக்கி வருபவரின் உடல் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், இடக்கை வீசாமல் வெளியே விலகி நிற்கும், எட்டு சின்னதாய் வேகமாய் விழும். பாலை ஊற்றிவிட்டுத் திரும்பும்போது அதே ஆள் காலிக் கேனை வீசிக்கொண்டு நீளமாக எட்டு வைப்பார். இந்த இரண்டு நடையையும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினால், கேனை அழித்துவிட்டாலும் எது நிறைந்தது எது காலி என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் உங்களுக்கு நடை வந்துவிட்டது.

பாத்திரத்தைத் தமிழில் பேச வைப்பது எப்படி?

முதலில் குரலைப் பதிவு செய்யுங்கள், பிறகு வரையுங்கள். எழுத்துக்கு எழுத்து வாயை மாற்ற வேண்டாம், பொம்மை அரிசி மெல்லுவது போல் இருக்கும். உயிரொலியைப் பாருங்கள்: அ-வுக்குத் திறந்த வாய், இ, எ-வுக்கு அகன்ற வாய், உ, ஒ-வுக்குக் குவிந்த வாய். ப, ம வரும்போது உதடு கட்டாயம் மூட வேண்டும். அதைக் குறைந்தது இரண்டு பிரேம் காட்டுங்கள், ஒலிக்கு ஒரு பிரேம் முன்னதாகவே மூடினால் இன்னும் பொருந்தும். 'அம்மா' என்று ஒரு சொல்லைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்து வரையுங்கள்.

நம்ம தோல்பாவைக்கூத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் கம்பராமாயணப் பாட்டைத் தமிழிலேயே பாடி, விளக்குகளின் முன் தோல்பாவைகளை ஆட்டுகிறார்கள். பெரும்பாலான பாவைகளில் ஒரு கை மட்டும்தான் அசையும். அந்த ஒரு கையிலேயே கோபமும் கெஞ்சலும் வருகிறது. எல்லாவற்றையும் அசைக்க வேண்டியதில்லை, எது அசைய வேண்டும் என்று தேர்ந்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. வாய்ப்பு கிடைத்தால் பிள்ளைகளை ஓர் இரவு கூட்டிக்கொண்டு போங்கள்.

பாவையைப் போலவே அட்டையில் கை கால் வெட்டி, மூட்டில் நூல் கோத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் போட்டோ எடுத்தால் அது கட்அவுட் அனிமேஷன். வரையச் சோம்பல்படுகிற பிள்ளைகளுக்கு அதில் ஆரம்பித்து வைக்கலாம்.

பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்களா?

கேரள அரசு, எய்டட் உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் மன்றம் நடக்கிறது. எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். அதில் அனிமேஷனும் உண்டு, டூபிடியூப், ஓப்பன்டூன்ஸ் போன்ற இலவச சாப்ட்வேர்களில் பழக்குகிறார்கள். தமிழ் மீடியம் பிள்ளைகள் தயங்காமல் தேர்வு எழுத வேண்டும். ஏழாம் வகுப்பு விடுமுறையிலேயே பந்தையும் நுங்கு வண்டியையும் முடித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு அங்கே எல்லாம் சுலபம்.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? எங்கே படிக்கலாம்?

கிடைக்கும், ஆனால் சான்றிதழைப் பார்த்துக் கொடுப்பதில்லை, உங்கள் ஷோரீலை, அதாவது நீங்கள் செய்தவற்றைத் தொகுத்த வீடியோவை, பார்த்துத்தான் கொடுப்பார்கள். பட்டப்படிப்பாக வேண்டுமென்றால் சென்னை தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன் பிரிவு இருக்கிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் (என்ஐடி) கல்கத்தா சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனமும் நாடறிந்தவை, போட்டி கடுமை. திருவனந்தபுரத்தில் சி-டிட் என்ற கேரள அரசு நிறுவனம் குறுகிய படிப்புகள் நடத்துகிறது.

தனியார் நிறுவனத்தில் சேருவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் ஆறு மாதத்தில் எத்தனை மணி நேரம் பென்சிலில் வரைய வைப்பீர்கள்? பதிலில் சாப்ட்வேர் பெயர்கள் மட்டும் வந்தால், பணத்தைக் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். சாப்ட்வேரை வீட்டிலேயே பழகலாம்.

நடுப்படங்களைக் கம்ப்யூட்டரே போட்டுத் தருமே, நான் ஏன் வரைய வேண்டும்?

போட்டுத் தரும். ஆனால் அது இரண்டு நிலைகளுக்கு நடுவே சமமாகப் பங்கு போடும். பந்து மேலே தயங்கி நிற்பதும் தரைக்கு அருகில் பாய்வதும் அதற்குத் தானாகத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஏஐ கருவிகள் இப்போது ஓரளவு நன்றாகவே செய்கின்றன. ஆனாலும் வந்த அசைவு சரியா, எங்கே இரண்டு படம் கூட்ட வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளாக ஆவதற்குத்தான் இந்தப் பயிற்சி.

ஒரு நிமிடப் படம் எடுக்க எவ்வளவு நாள் ஆகும்?

விநாடிக்கு 12 என்றால் ஒரு நிமிடத்துக்கு 720 படம். பள்ளி போய் வந்து நாளைக்குப் பத்துப் படம் போட்டால் இரண்டரை மாதம். அதனால் முதல் குறும்படத்தைப் பதினைந்து விநாடிக்குள் ஓடி முடிகிற மாதிரி யோசியுங்கள். பின்னணியைத் தனித் தாளில் ஒரே தடவை வரையுங்கள், அசையும் பகுதியை மட்டும் மாற்றுங்கள். ஒருவர் வியந்து நிற்கும் இடத்தில் ஒரே படத்தை ஒரு விநாடி நிறுத்தினால் 11 படம் மிச்சம், நிறுத்தம் காட்சிக்கும் நல்லது. எல்லாவற்றையும் சுத்தக் கோட்டில் வரைவதற்கு முன், கரடுமுரடான கோட்டிலேயே முழுப் படத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். மாற்ற வேண்டியதை எல்லாம் அங்கேயே மாற்றிவிட்டு, அப்புறம் சுத்தமாக வரைய உட்காருங்கள்.